பிள்ளைகளின் வீட்டுக் கணக்கும் சங்கத்தின் கடமையும்

பள்ளிப் பிள்ளை மாலையில் கணக்கு நோட்டை விரித்து, "இது வரவில்லை" என்று நீட்டினால், நம் அங்கத்தினர்களில் பலர், "இயற்கணிதமும் வடிவ கணிதமும் நாங்கள் எங்கே கண்டோம்?" என்று கூறி, தனிப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அமைதியடைகின்றனர். அங்கேயோ பெரும்பாலும் கரும்பலகையிலுள்ள விடை நோட்டுக்கு இடம் மாறுகிறதேயன்றி, பிள்ளையின் அறிவுக்கு மாறுவதில்லை.

"எங்கே கண்டோம்" என்பதை நான் ஒப்புவதற்கில்லை. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை உண்டோ, அதுவே நூலின் நம்பர் என்பது நெசவாளர் அறிந்ததே. 4,000 இழையும் 42 கெஜ நீளமும் கொண்ட பாவுக்கு நூறாம் நம்பர் நூல் எவ்வளவு வேண்டும்? தெரியாத எடையை எக்ஸ் பவுண்டு என்று கொண்டால், அதிலுள்ள நூல் எக்ஸ் × 100 × 840 கெஜம். பாவுக்கு வேண்டியது 1,68,000 கெஜம். இரண்டும் சமமாதலால் எக்ஸ் 2 ஆகும், சேதாரம் தனி. பிள்ளையை மிரட்டும் சமன்பாடு என்பது இவ்வளவுதான்.

விவசாயிகளுக்கு இதில் நஷ்டமே உண்டாகக்கூடும். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரண்டையும் பெருக்கிப் பரப்புக் காணும் பழக்கம் உண்டல்லவா? மூலைகள் மட்டமாயிருந்தால் அது சரி. நான்கு பக்கமும் 100 அடியுள்ள சதுர நிலம் 10,000 சதுர அடி, ஏறக்குறைய 23 சென்ட். அதே நான்கு பக்கங்களுடன் நிலம் கோணலாகி, எதிர்ப் பக்கங்களுக்கு இடையே செங்குத்துத் தூரம் 80 அடியானால் பரப்பு 8,000 சதுர அடிதான். நாலரை சென்ட்டுக்கு மேல் குறைகிறது! பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பியைக் கோர்ட்டுக்கு அனுப்ப அது போதும். நான்கு பக்கம் மட்டும் தெரிந்தால் வடிவம் நிலைக்காது. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் அசையாது. சர்வே இலாகாவின் புலப்படத்தில் நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்திருப்பதன் காரணம் இதுவே. மூலைக்கு மூலை ஒரு கயிறு பிடித்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் உதவ முடியும். "கேட்டிருப்பது எது? தெரிந்தது எது? இந்த வரிக்குப் பின் இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் போதும். வாய்விட்டுச் சொல்லும்போது தவறிய இடம் பிள்ளைக்கே தென்படும். விடையைச் சொல்லிவிடுவது மட்டும் உதவியாகாது. பேரேட்டில் கூட்டுத்தொகையை மட்டும் சரிக்கட்டி வைப்பவரைத் தணிக்கையில் எவ்வாறு பார்ப்போம் என்பது காரியதரிசிகளுக்குத் தெரியும்.

இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் பின்னர் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கினர். நமக்கு அவ்வளவு கூட வேண்டாம். நூல் பட்டுவாடா முடிந்தபின் அலுவலகத்தின் விளக்கும் பெஞ்சும் சும்மா கிடக்கின்றன. கல்லூரி வரை படித்த அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் முறைவைத்து மாலையில் ஒரு மணி நேரம் அமரட்டும். கோடை விடுமுறை முடியுமுன் நிர்வாகக் குழு தீர்மானித்துவிடுவது நலம். ஒரு கரும்பலகையும் ஒரு கயிறும் வாங்கிய செலவை நான் ஆட்சேபிக்கப் போவதில்லை.