மூன்றாவது கிணறு

தியானப் பகுதி: ஆதியாகமம் 26:12–33



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் அதிகாலையில், ஜெபத்திற்கு முன்பாகவே கைப்பேசியைத் திறந்துவிட்டேன். நம் சபையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவர் விலகியதாக ஒரு வரி அதில் இருந்தது. முன்பெல்லாம் ஒருவர் விலகினால் குழுவில் உள்ள அனைவருக்கும் அறிவிப்பு வரும். 2022 ஆகஸ்டில் அந்த நிறுவனம் அறிவித்த மாற்றத்திற்குப் பின், அது நிர்வாகிகளுக்கு மட்டுமே வருகிறது. ஆகவே நம் சபையில் அநேகருக்கு அவர் போனது இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்தது, மனம் கலங்கியது.

ஏனெனில் அந்தக் குழுவைத் தொடங்கச் சொன்னவரே அவர்தான். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய நாளை நம்மில் யார் மறப்பார்? பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் பிள்ளைகளைப்போல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்து கிடந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கோபுரத்தில் சமிக்ஞை கிடைத்த சில நிமிடங்களில் எந்தத் தெருவில் யார் வீட்டு ஓடு பறந்தது, யாருக்குத் தார்ப்பாய் வேண்டும், தண்ணீர்த் தொட்டி நிரப்ப ஜெனரேட்டர் எப்போது எந்த வீட்டுக்கு வரும் என்பதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியையான அந்தத் தாயார்தான் யோசனை சொன்னார். அந்த நாட்களில் அந்தக் குழு உண்மையிலேயே ஓர் ஊற்றாக இருந்தது. 2020இல் ஊரடங்கால் ஆலயக் கதவு மூடப்பட்டபோதும் அதன் வழியாகவே நாம் ஒருவர் குரலை ஒருவர் கேட்டோம்.

அப்படிப்பட்டவர் விலகிவிட்டார். எனக்குள் எழுந்த முதல் உணர்ச்சி வருத்தம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது சினம். ஆயரிடம் ஒரு சொல் சொல்லாமல் போகலாமா என்ற சினம். அவரை மறுபடியும் சேர்த்துவிட வேண்டும் என்ற தீர்மானத்தோடு அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன்.

திண்ணையில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். பின்பு தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “ஐயா, என் தங்கை இறந்த அன்று வந்ததை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்” என்றார்.

வாசித்தேன். காலையில் அவர் தம் தங்கையின் மரணச் செய்தியை இட்டிருக்கிறார். அதன் கீழே இரண்டு ஆறுதல் வார்த்தைகள். உடனே எங்கிருந்தோ வந்த ஒரு நீண்ட அரசியல் செய்தி; அதற்கு ஒரு மறுப்பு; மறுப்புக்கு மறுப்பு. இடையில் ஒருவர் அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கைக் குறித்து முந்தின நாள் விட்ட சண்டையைத் தொடர்ந்திருந்தார். அதற்கும் கீழே, ஞாயிறு ஆராதனை நேர மாற்றத்தைப் பற்றிய ஓர் அறிவிப்பு. அதை அனுப்பியவன் நான். மேலே இருந்த மரணச் செய்தியைப் பார்க்காமலே அனுப்பியிருந்தேன்.

“யார் மேலும் கோபம் இல்லை ஐயா. அதைத் திறந்தால் மனசுக்குச் சந்தோஷமாக இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது திறக்கவே பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்” என்றார். சேர்த்துவிடப் போன நான், மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

பிரியமானவர்களே, ஒரு காலத்தில் நமக்கு மகிழ்ச்சி தந்த இணையக் குழு கசந்துபோகும்போது அதைவிட்டு விலகுவது பாவமா? அன்பின் குறைவா? இக்கேள்வியைச் சிலர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார்கள். பள்ளித் தோழர் குழு, உறவினர் குழு, பாடகர் குழு என்று இடம்தான் வேறு, சங்கடம் ஒன்றே. பலர் விலகுவதும் இல்லை. ஒலியை அடக்கிவிட்டுப் பெயரளவில் இருக்கிறார்கள். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: விலகலாம். எப்படி விலகுகிறோம், ஏன் விலகுகிறோம் என்பதைத்தான் தேவ சமுகத்தில் ஆராய வேண்டும்.

ஈசாக்கைப் பாருங்கள். தண்ணீரின் அருமை தெரிந்த நமக்கு இந்த அதிகாரத்தை விளக்க வேண்டியதில்லை. அவன் தகப்பன் நாட்களில் வெட்டப்பட்ட கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்துவிட்டிருந்தார்கள். அவன் அவற்றை மறுபடியும் தோண்டினான். பின்பு கேரார் பள்ளத்தாக்கில் அவன் வேலைக்காரர் வெட்டிய கிணற்றில் ஊற்று கண்டது. உடனே அவ்வூர் மேய்ப்பர் தண்ணீர் எங்களுடையது என்று வழக்காடினார்கள். வாக்குவாதத்தின் நினைவாக அதற்கு ஏசேக்கு என்று பெயரிட்டு அகன்றான். இரண்டாவது கிணற்றுக்கும் சண்டை வந்தது. பகையின் நினைவாக அது சித்னா ஆயிற்று. அதையும் விட்டு நகர்ந்தான். மூன்றாவது கிணற்றுக்கு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. கர்த்தர் இடம் உண்டாக்கினார் என்று சொல்லி அதற்கு ரெகொபோத் என்று பெயரிட்டான்.

இங்கே மூன்று காரியங்களைக் கவனிப்போம். முதலாவது, ஈசாக்கு வெட்டியது வீண் கிணறு அல்ல; நல்ல ஊற்று கண்ட கிணறு. நல்லதாக இருந்தது என்பதால் அதிலேயே கடைசிவரை கிடக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. இரண்டாவது, போகும்போது அவன் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் போகவில்லை. தூர்ப்பது பெலிஸ்தர் செய்த வேலை. நாமோ பல நேரங்களில் விலகுவதற்கு முன் ஒரு நீண்ட குற்றப்பத்திரிகை எழுதி, எல்லாருடைய மனதிலும் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டே வெளியேறுகிறோம். மூன்றாவது, அதிகாரத்தின் முடிவில் அபிமெலேக்கு ஈசாக்கைத் தேடி வருகிறான். தன்னைப் போகச் சொன்னவனுக்கே ஈசாக்கு விருந்து செய்கிறான்; சமாதானமாய் வழியனுப்புகிறான். ஆக, அவன் விலகியது தண்ணீர்ச் சண்டையிலிருந்து, மனிதரிடமிருந்து அல்ல.

“அப்படியானால் சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று எபிரெயர் 10ஆம் அதிகாரம் போதிக்கிறதே” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வாட்ஸ்அப் குழு சபை அன்று. ஞானஸ்நானத் தொட்டியும் திருவிருந்து மேசையும் அதில் இல்லை. அந்தத் தாயார் குழுவை விட்ட பின்வந்த ஞாயிறன்றும் வழக்கமான இருக்கையில்தான் அமர்ந்திருந்தார். மாறாக, குழுவில் நாள்தோறும் வசனப் படம் அனுப்பும் சிலரை ஆலயத்தில் பார்த்து மாதங்கள் ஆகின்றன. திருமணமும் சபையும் உடன்படிக்கைகள். மகிழ்ச்சி குறைந்தது என்பதால் அவற்றைக் கைவிட முடியாது. ஒரு வசதிக்காக நாம் அமைத்துக்கொண்ட குழுவுக்கு அந்தப் பாரத்தை ஏற்றுவது தவறு.

எனினும் விலகும் ஒவ்வொருவரும் ஈசாக்கு அல்லர். இதற்கு நம் தஞ்சையின் சரித்திரமே சாட்சி. வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864) அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் உண்டோ? சுவார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்டு, சரபோஜி மன்னரோடு கல்வி கற்று, இன்றும் நம் ஆலயங்களில் ஒலிக்கும் கீர்த்தனைகளைத் தந்தவர். தாம் வளர்ந்த அதே மிஷனோடு 1820களில் அவருக்குக் கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. பின்வந்த மிஷனெரிகள் தமிழ் இசையை ஆராதனையிலிருந்து ஒதுக்குவதையும், பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவதையும், விழாக்களில் பூக்களை விலக்குவதையும் அவர் எதிர்த்தார். அதே மூச்சில், சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க அவர்கள் வற்புறுத்தியதையும் எதிர்த்தார். முடிவில் மிஷனிலிருந்து பிரிந்து அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்தார்.

இசையைக் குறித்து அவர் சொன்னது சரி என்று காலம் காட்டிவிட்டது. சாதியைக் குறித்து அவர் நின்ற இடம் தவறு என்பதை அவரை நேசிக்கிற நாமே சொல்ல வேண்டும். இதைச் சொல்வது அந்தப் பெரியவரைக் குறைப்பதற்காக அன்று. ஒரே மனக்கசப்புக்குள் நியாயமும் அநியாயமும் பின்னிக் கிடக்கலாம் என்பதை அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. இந்த இடம் இப்போது இனிக்கவில்லை என்று நான் சொல்லும்போது, அங்கே சண்டை பெருகியதால் இனிக்கவில்லையா, அல்லது என்னைத் திருத்தும் ஒரு சத்தம் அங்கே எழுந்ததால் இனிக்கவில்லையா? பழைய சமத்துவமின்மை எனக்கு வசதியாக இருந்ததா? அப்படியானால் போகவேண்டியது நான் அல்ல, என் பிடிவாதம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. நான் போனால் யார் தனித்து விடப்படுவார்? குழுவில் ஓர் எளியவரைப் பலர் சேர்ந்து இழிவுபடுத்தும்போது, அவருக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் நானாக இருந்தால், என் மன அமைதிக்காக விலகுவது ஈசாக்கின் வழி ஆகாது. காயப்பட்டவனைக் கண்டும் விலகிப் போன ஆசாரியனின் வழி ஆகும். இவ்விரண்டு கேள்விகளுக்கும் உண்மையான பதில் சொன்ன பின் மனச்சாட்சி குற்றப்படுத்தவில்லையென்றால், சமாதானத்தோடு போங்கள். ஆயரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நெருங்கிய இரண்டு பேரிடம் மட்டும், வேண்டுமானால் என்னைத் தொலைபேசியில் அழையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஈசாக்கு தான் இருக்கும் இடத்தை அபிமெலேக்குக்கு மறைக்கவில்லை.

இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வாய்க்கால்களில் வெங்காயத்தாமரை படர்வதைப் பார்த்திருக்கிறீர்கள். பார்வைக்குப் பசுமைதான், பூவும் அழகுதான். ஒரு செடி தண்ணீரை மறிக்காது. எல்லாம் சேர்ந்து அடைக்கும்போது கடைமடைக்குத் தண்ணீர் போகாது. கடைமடைக்காரரான நமக்கு அந்த வேதனை புதிதல்ல. நாம் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே குற்றமற்றதாகத் தோன்றலாம். சேர்ந்து அடைக்கும்போது, துக்கத்தில் இருக்கும் ஒருவர் குழுவின் கடைமடையில் வறண்டு நிற்கிறார். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்பக் கூடாது என்று இந்தியாவில் அந்த நிறுவனம் வரம்பு வைத்தது 2018இல். நம் விரலுக்கு நாம் வைக்கும் வரம்பு எங்கே?

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் இனி நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி மாற்றிவிட்டேன். மரணம், ஆராதனை, அவசர உதவி ஆகிய மூன்று மட்டுமே அதில் வரும். மரணச் செய்தி வந்த நாளில் வேறு அறிவிப்பு வராது. இதில் சிலருக்கு என்மேல் வருத்தம் என்பதை அறிவேன். அந்த வருத்தத்தை நேரில் வந்து சொல்லுங்கள், காப்பி தருகிறேன்.

அந்தத் தாயார் இன்னும் குழுவுக்குத் திரும்பவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் காலை ஜெபம் முடிந்ததும் தனித்து வாழும் முதியோர் சிலரைத் தொலைபேசியில் அழைத்துச் சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறார் என்று அவர்களில் ஒருவர் எனக்குச் சொன்னார். கல்லணையில் காவிரி பிரிகிறது. வெண்ணாறு ஒரு பக்கம், 1934 முதல் நம் நிலங்களுக்கு வரும் கல்லணைக் கால்வாய் ஒரு பக்கம். அந்தப் பிரிவு இல்லையென்றால் நம் வட்டாரத்தில் நெல் ஏது? சில விலகல்களையும் ஆண்டவர் அப்படியே பாய்ச்சலுக்குப் பயன்படுத்துகிறார்.

இந்த வாரம் உங்கள் கைப்பேசியில் உள்ள குழுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எது ஊற்று, எது ஏசேக்கு, எது சித்னா என்று ஆண்டவரிடம் கேளுங்கள். அதோடு, யாருடைய கிணற்றில் நான் மண் போட்டேன் என்றும் கேளுங்கள்.

ஜெபம்: பரம தகப்பனே, சண்டையின் கிணற்றைவிட்டு நகரும் தாழ்மையையும், நகரும்போது அதைத் தூர்க்காத அன்பையும் எங்களுக்குத் தாரும். துக்கப்படுகிறவரின் குரல் எங்கள் சத்தத்தில் மூழ்கிப்போன நாட்களை மன்னியும். உமக்கு முன்பாக எங்களுக்கு இடம் உண்டாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.