பல்லோடு முடியாத பிரச்சினை

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. போவது சொல் மட்டுமல்ல என்கிறது மருத்துவம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் முற்றுகிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயே இந்நாட்டில் முதலிடம் வகிக்கிறது.

இங்கே 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பல்லை எடுக்கவும் அடைக்கவும் கட்டவும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கற்று வெளிவருகின்றனர். நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஊர் ஊராகச் சென்று ஆராயும் பயிற்சியோ மிகச் சிலருக்கே கிடைக்கிறது. மேற்படிப்பில் ஆய்வேடு எழுத வேண்டும் என்ற விதி உண்டு. பட்டம் கிடைத்ததும் அது பெரும்பாலும் அலமாரிக்குப் போய்விடுகிறது.

இத்தகைய ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்போருக்கு மும்பையே விடை தரும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவினர், டாக்டர் ஃபாலி மேத்தா தலைமையில், எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் மாவட்டக் கிராமங்களில் புகையிலைப் பழக்கமுள்ள சுமார் 36,000 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். தக்கபடி எடுத்துச் சொன்னால் பலர் பழக்கத்தை விடவோ குறைக்கவோ செய்வர். புற்றுநோய்க்கு முன்னோடியான வெண்படலம் தோன்றுவதும் குறையும் என்று 1986இல் அறிவித்தனர்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் மற்றோர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தனர். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 2005இல் வெளியான முடிவு காட்டியது. விலையுயர்ந்த கருவிகள் அதற்குத் தேவைப்படவில்லை; பயிற்சி பெற்ற ஆட்களும் பல்லாண்டுப் பொறுமையுமே தேவைப்பட்டன.

மகாராஷ்டிரத்தில் 2012இல் குட்கா தடை செய்யப்பட்டது. பழக்கம் ஒழிந்ததா, வேறு பொருளுக்கு மாறியதா என்பதை ஆண்டுதோறும் அளந்து சொல்லவும் இத்தகையோர் வேண்டும்.

எனவே, இளம் பல் மருத்துவர்களில் ஆர்வமுள்ளோருக்குப் புள்ளியியலும் நோய்ப் பரவல் ஆய்வும் கற்பிக்க வேண்டும். படிக்கும் காலத்தில் குடும்பம் நடத்தப் போதுமான உதவித்தொகையும், படித்தபின் நிலையான பதவியும் தர வேண்டும். சர்க்கரை நோய்ப் பிரிவும் பல் பிரிவும் சேர்ந்து ஆராய வழி செய்ய வேண்டும்.

வாயில் ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் வேலைக்குப் போய், நோய் முற்றியபின் பரேலில் வரிசையில் நிற்கும் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் தமிழர்களும் உண்டு. அந்த வரிசையைக் குறைக்கும் வழி ஆராய்ச்சியில் இருக்கிறது. மத்திய, மாநில அரசுகள் தாமதமின்றி ஆவன செய்ய வேண்டும்.