பனி உருகினால் திறக்கும் பாதை



மணாலியிலிருந்து லே வரை செல்லும் மலைச்சாலைக்கு இந்த இதழில் நிறையப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். படங்கள் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. அவற்றில் விழாத சில செய்திகளை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையின் நீளம் 9.02 கி.மீ. குலு பள்ளத்தாக்கின் தேவதாரு மரங்களை விட்டு உள்ளே நுழையும் வண்டி, சில நிமிடங்களில் லாஹௌலின் வறண்ட மலைகளுக்கு நடுவே வெளிப்படுகிறது. மழைமேகங்களில் பெரும்பகுதியைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் தெற்கிலேயே தடுத்துவிடுகிறது. சுரங்கம் வருவதற்கு முன், இந்த மலைத்தொடரை ரோதங் கணவாயில் ஏறிக் கடந்த நாட்களில் இந்த மாற்றத்தைக் கண்கள் மெல்ல மெல்ல உணர்ந்தன. இப்போது அது சட்டென்று நிகழ்கிறது.

அங்கிருந்து சந்திரா நதியின் போக்கிலேயே இறங்கினால் தண்டி. பாகா நதி வந்து கலக்கும் இடம். பாரலாச்சா கணவாயின் இரு பக்கங்களில் பிறக்கும் இந்த இரு நதிகளும் வெவ்வேறு திசையில் மலையைச் சுற்றிவந்து, தண்டியில் கைகோத்துச் செனாப் ஆகின்றன. அதன்பின் சாலை பாகாவை எதிர்த்து, அது பிறக்கும் சூரஜ் தால் ஏரி வரைக்கும் ஏறுகிறது. ஒரு நதியை அதன் பிறப்பிடம் வரை வண்டியிலேயே தொடர்ந்து போக எத்தனை சாலைகளில் முடியும்? இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிறகு சர்ச்சு, 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கட்டா ஏற்றம், பாங், மோரே சமவெளி. எல்லாவற்றுக்கும் மேலே 5,328 மீட்டரில் தங்லங் லா கணவாய். கடற்கரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதிதான் அங்கே கிடைக்கும். அதனால் போக நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே மூச்சில் ஏறாதீர்கள். கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரவு தங்கி, உடம்பு பழகியபின் மேலே செல்லுங்கள். தலைவலியும் குமட்டலும் கூடிக்கொண்டே போனால் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

தங்லங் லாவைக் கடந்து உப்ஷியை நோக்கி இறங்கும்போது பாறைகள் ஊதாவும் பச்சையுமாக நிறம் மாறுகின்றன. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதிய காலத்து வண்டல்கள், நிமிர்ந்து நிற்கும் பாளங்களாகச் சாலையோரம் தெரிகின்றன. கீழே சிந்து நதி.

இவ்வளவையும் நாம் பார்க்க முடிவது, ஆண்டுதோறும் இந்தச் சாலையை மீட்டெடுப்பவர்களால்தான். குளிர்காலத்தில் கணவாய்கள் பனியில் மூடிக்கொள்கின்றன. கோடையின் தொடக்கத்தில் எல்லைச் சாலைகள் அமைப்பினர் ஆளுயரத்துக்கும் மேலான பனிச்சுவர்களை வெட்டி வழி திறக்கிறார்கள். அதோடு வேலை முடிவதில்லை. வெயில் ஏற ஏற உருகும் பனி, பிற்பகலில் ஓடைகளைப் பெருக்கிச் சாலையையே அரித்துச் செல்லும். ஓட்டுநர்கள் விடியும் முன்பே கிளம்புவது இதனால்தான். கடுங்குளிரில் தார் சரியாகப் பிடிக்காது என்பதால், சில மாதங்களுக்குள் செப்பனிடும் வேலை எல்லாம் முடிந்தாக வேண்டும். அதைச் செய்பவர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்கா பகுதியிலிருந்து வருகிறார்கள். தாழ்வான நிலப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள், முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தார்ப்புகைக்கு நடுவே நாள் முழுதும் கல் உடைக்கிறார்கள். சாலையைப் பற்றிய நம் பயணக் கட்டுரைகளில் அவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் போய்வந்த மலைச்சாலை எதுவாக இருந்தாலும், அங்கே சந்தித்த சாலைப் பணியாளர்கள், லாரி ஓட்டுநர்கள், கூடாரத்தில் தேநீர் கொடுத்தவர்கள் பற்றி எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் காத்திருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்