மாதம் 75 ரூபாயும் ஆண்டுக்கு ஒரு லட்சமும்

செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் என்பது ஹால் டிக்கெட்டிலும் பட்டச் சான்றிதழிலும் இருக்கிற ஒரு முத்திரை. தேர்வுக் கட்டணம் கட்டும்போது நினைவுக்கு வரும். பட்டம் வாங்கியதும் மறந்துபோகும். ஆனால் சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, சேத்துப்பட்டு, மதுரவாயல் என்று ஆறு வளாகங்களில் அதன் ஆராய்ச்சித் துறைகள் இயங்குகின்றன. தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது இந்தப் பல்கலைக்கழகம்தான். மாமல்லபுரத்துக் கடற்கரையும் மெரினாவும் ஒரே கரை. உங்கள் ஊர்ச் சேரியிலிருந்து அங்கே முனைவர் பட்டத்துக்குப் போனவர் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள்.

பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-இல். 34 ஆண்டுகள் கழித்து, 1891-இல், செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அரசுக்கு அறிக்கை எழுதுகிறார்: இம்மாவட்டப் பறையர்களுக்கு உழ நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. பஞ்சமி நிலம் பிறந்த கதை அது. ஓட்டத்தை நாம் எங்கிருந்து தொடங்கினோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

1913-இல் அதே பல்கலைக்கழகம் ஓர் அருமையான காரியம் செய்தது. துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்த இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவரிடம் பட்டமில்லை, விதியில் அதற்கு இடமுமில்லை. திறமையைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தந்தால் போதும். அதே 1913-இல்தான் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். அவருக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்தவர் பரோடா மன்னர்.

குமாஸ்தா சம்பளத்தைப் போல் இரண்டரை மடங்கு! ஆராய்ச்சி செய்கிறவர் வயிற்றுப்பாட்டை நினைத்துக் கவலைப்படக் கூடாது என்பதுதான் கணக்கு.

இன்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது. நல்ல திட்டம், நம் மாணவர்கள் பலருக்கு இது இருப்பதே தெரியாது. மாதத்துக்கு வகுத்தால் 8,333 ரூபாய். மாமல்லபுரத்து ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தாலே இதைவிடக் கூடக் கிடைக்கும். விடுதி, சாப்பாடு, களப்பணிக்குப் பஸ் செலவு, ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து பைண்டிங் போடுவது எல்லாம் இதற்குள்தான்.

தொகையை உயர்த்த வேண்டும். அதற்கு முன்னால், சம்பளம்போல மாதாமாதம் வங்கிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 1913-இல் முடிந்த காரியம்தானே?