எஞ்சின் கட்டும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம்

கணினி விளையாட்டு என்றதும் எங்கள் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழும். ஆண் பிள்ளை விளையாடினால், "நேரத்தை வீணாக்குகிறான்" என்பார்கள். பெண் பிள்ளை விளையாடினால், "உனக்கு இதெல்லாம் எதற்கு?" என்பார்கள். முதலாவது கண்டிப்பு. அதைக் கேட்ட நானா நாளைக்கு மறுபடியும் விளையாடுவார். இரண்டாவதைக் கேட்ட தங்கை அந்தப் பக்கமே திரும்பமாட்டாள். இந்த இரண்டாவது பேச்சு தவறு என்பதே என் கருத்து. அதிலும் வாகனங்களையும் எஞ்சின்களையும் நாமே கட்டி ஓட்டிப் பார்க்கும் விளையாட்டுகள் விடயத்தில், அது எங்கள் படிப்புக்கே கேடு விளைவிக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்லா விளையாட்டுகளுக்காகவும் நான் வாதாடவில்லை. சுட்டுத் தள்ளுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத விளையாட்டுகள் உண்டு. விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கச் செய்து பணம் பறிப்பவையும் உண்டு. அவற்றைப் பெற்றோர் தடுத்தால் அது நியாயம்தான். நான் பேசுவது 'ஸ்டோர்ம்வேர்க்ஸ்' போன்ற விளையாட்டுகளைப் பற்றி. 2018 இல் அறிமுகமாகி, 2020 இல் முழுமையாக வெளிவந்த விளையாட்டு அது. அதில் நாம் கடலோர மீட்புப் பணியாளர்கள். நடுக்கடலில் ஒரு கப்பல் தீப்பிடிக்கும். ஒருவர் நீரில் தத்தளிப்பார். அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். ஆனால் போவதற்கு ஆயத்தமான படகு கிடையாது. சிறு சிறு கட்டைகளை அடுக்கி, குழாய்களைப் பொருத்தி, படகையும் அதன் எஞ்சினையும் நாமே வடிவமைக்க வேண்டும்.

நானாவின் கணினியில் நான் இதை ஒரு வருடமாக விளையாடி வருகிறேன். எஞ்சின் கட்டுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் உருளைகளைத் தெரிவு செய்ய வேண்டும்: சிறியதா, பெரியதா, எத்தனை? ஒவ்வோர் உருளைக்கும் காற்று வரும் வழி, எரிபொருள் வரும் வழி, புகை போகும் வழி, குளிர்விக்கும் நீர் சுற்றும் வழி என்று நான்கையும் தனித்தனியே அமைக்க வேண்டும். காற்று வரும் துவாரம் அலையில் மூழ்கினால் எஞ்சின் நின்றுவிடும். குளிர்நீர் போதாவிட்டால் சூடேறித் தீப்பிடிக்கும். சுழல்விசிறியை எஞ்சினோடு நேரடியாகப் பிணைத்துவிட்டுத் தொடக்கினால், பாரம் தாங்காமல் அது மூச்சடைத்து நிற்கும். ஆகவே இடையில் கிளச்சும் கியர்ப்பெட்டியும் வேண்டும். எல்லாம் சரியாக இருந்து படகு புறப்பட்டாலும், எரிபொருள் தாங்கியில் உள்ளது போய்வரும் தூரத்துக்குக் காணுமா என்ற கேள்வி மிஞ்சும்.

இதிலே பாடப்புத்தகம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. வலு என்பது முறுக்கத்தையும் கோண வேகத்தையும் பெருக்கினால் வருவது. வகுப்பில் இது ஒரு சமன்பாடு. விளையாட்டில் இதுவே கியரின் கதை. கியரை மாற்றினால் வலு கூடுவதில்லை. வேகமாகச் சுழன்று குறைந்த முறுக்கம் கொடுப்பதா, மெதுவாகச் சுழன்று கூடிய முறுக்கம் கொடுப்பதா என்ற பங்கீடுதான் மாறுகிறது. படகு மந்தமாகப் போகிறது என்றதும் இன்னும் நான்கு உருளைகளைச் சேர்க்கவே யாருக்கும் தோன்றும். சேர்த்தால் எடை கூடும், சூடு கூடும், எரிபொருள் செலவும் கூடும். பல வேளைகளில் கியர் விகிதத்தை மாற்றினாலே போதும். பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தேடாமல் இன்னும் கொஞ்சம் கொட்டிப் பார்ப்பது எவ்வளவு வீண் என்பதை, இவ்வளவு தெளிவாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

வேகத்தின் விலையும் அப்படித்தான். நீரைக் கிழித்துப் போகும் படகுக்கு நீரின் தடை ஏறத்தாழ கதியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் தேவைப்படும் வலு கதியின் கனத்துக்கு ஏற்பக் கூடும். கதியை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் ஏறக்குறைய எட்டு மடங்கு வலு வேண்டும். 2022 ஆம் ஆண்டை அனுபவித்த எங்களுக்கு இது வெறும் கணக்கல்ல. கியூஆர் அட்டை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். வாப்பாமார் வரிசையில் இரவு முழுக்க நின்றார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் கரையோர ஊர்களில் தோணிகள் கடலுக்குப் போகாமல் கிடந்தன. ஒரு லீற்றரில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இந்த நாட்டுப் பிள்ளைகள் படிக்காமல் வேறு யார் படிப்பது? எரிபொருளில் உள்ள சக்தியில் பெரும்பங்கு புகையோடும் வெப்பத்தோடும் வெளியே போய்விடுகிறது. பெற்றோல் எஞ்சினில் பயனுள்ள வேலையாக மாறுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இதை ஒரு தடவை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு, வீட்டில் எரியும் மின்விளக்கும் வேறு மாதிரித் தெரியும்.

விளையாட்டு சொல்வதெல்லாம் உண்மை என்று நான் சொல்லவரவில்லை. ஸ்டோர்ம்வேர்க்ஸில் எரிபொருளுக்கு டீசல் என்று பெயர். ஆனால் காற்றையும் எரிபொருளையும் பெற்றோல் எஞ்சினுக்குச் செய்வதுபோல் விகிதம் பார்த்துச் சமப்படுத்தச் சொல்கிறது. உண்மையில் பெற்றோலுக்குத்தான் அந்தக் கணக்கு: ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய, நிறைப்படி 14.7 பங்கு காற்று வேண்டும். டீசல் எஞ்சின் தேவைக்கு அதிகமான காற்றோடுதான் ஓடுகிறது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதற்குத் தீப்பொறிச் செருகி வேண்டியதில்லை. கையில் படும் கிரீஸும், இறுகிப்போன நட்டைக் கழற்றும் பாடும் திரையில் கிடையாது. ஆனால் எங்கே விளையாட்டு பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க, உண்மையைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலே பாதிப் படிப்பு.

இனி, "இது பெண்களுக்கான வேலையா?" என்ற கேள்விக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் போர் விமானங்களின் மேர்லின் எஞ்சினில் ஒரு பெரிய குறை இருந்தது. விமானம் திடீரென மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாய்ந்தால், காபரேற்றரில் எரிபொருளின் ஒழுங்கு குலைந்து, பின்னர் அளவுக்கு மீறி வெள்ளமாகப் பாய்ந்து, எஞ்சின் அடைத்துக்கொள்ளும். 1941 இல் அதற்குத் தீர்வு தந்தவர் பீற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர். எஞ்சினுக்கு உச்சத்தில் எவ்வளவு எரிபொருள் தேவையோ அவ்வளவு மட்டும் போகும்படி கணித்து, துளையிட்ட ஒரு சிறிய உலோகத் துண்டை அவர் பொருத்தச் செய்தார். பெரிய எஞ்சினைப் புதிதாக வடிவமைக்கவில்லை. ஓட்டத்தை அளந்தார், துளையை அளந்தார். அவர் மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் ஓடியவர்.

எஞ்சின் எங்கள் வரலாற்றுக்கும் அந்நியமானதல்ல. 1206 இல் அல்-ஜஸரி எழுதி முடித்த பொறிகள் பற்றிய நூலில், இரண்டு உருளைகள் மாறி மாறி நீரை உறிஞ்சித் தள்ளும் பம்பியின் படமும் விளக்கமும் உண்டு. சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் பொறிமுறையும் அவருடைய நூலில் இருக்கிறது. முசலத்தின் முன்பின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் இன்றைய கிராங்க் ஷாஃப்டைப் படிக்கும்போது, அவரை நினைக்காமல் இருக்க முடியாது. அவருடைய பெயரை விழாக்களில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் செய்த வேலையைச் செய்ய ஒரு மகள் ஆசைப்பட்டால் மட்டும் ஏன் தயங்குகிறோம்?

எங்கள் வீட்டில் இந்தத் தயக்கம் இப்போது நடப்பிலிருக்கும் விடயம். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் உயர்தரத்துக்கு நான் பாடத்துறை தெரிவு செய்ய வேண்டும். உம்மாவுக்கு உயிரியல் துறை விருப்பம். நான் பொறியியல் தொழில்நுட்பம் என்றதும் வாப்பா கேட்டார்: "கராஜில் போய் நிற்கப் போறீங்களா மகள்?" அவர் கோபத்தில் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டார். ஆகவே அந்தக் கேள்விக்கு இங்கே மரியாதையோடு பதில் சொல்கிறேன். கராஜில் செய்யும் தொழிலும் கண்ணியமானதுதான். அதற்கு மேல், வைத்தியசாலைகளில் மின்சாரம் தடைப்பட்டால் ஜெனரேற்றரின் டீசல் எஞ்சின்தான் இயங்குகிறது. சப்புகஸ்கந்தையில் பெரிய டீசல் எஞ்சின்களே மின்சாரம் பிறப்பிக்கின்றன. துறைமுகம், மீன்பிடிப் படகு, குளிரூட்டிய களஞ்சியம் என்று எங்கும் ஓர் எஞ்சினைக் கணக்கிட்டுத் தெரிவு செய்யவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும். தொழில்நுட்பப் பாடத்துறை 2013 இல் ஆரம்பிக்கப்பட்டது ஆண் பிள்ளைகளுக்காக மட்டும் அல்லவே.

பெற்றோரின் மற்றக் கவலைகளையும் நான் தள்ளிவிடவில்லை. நேரம் வரம்பு மீறக்கூடும். தொழுகையும் படிப்பும் பின்தள்ளப்படக்கூடும். அதற்கு ஒரு மணி நேரம் என்று கடிகாரம் வைத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர்களோடு இணையத்தில் பேச நேருமே என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது: இவ்வகை விளையாட்டைத் தனியாகவே விளையாடலாம். எல்லா வீடுகளிலும் இதற்குத் தக்க கணினி இல்லை என்பதே எனக்குப் பெரிய கவலை. எனவேதான் பாடசாலையிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கணினிக் கூடத்தைக் கிழமைக்கு ஒரு நாள் மாலை இதற்காகத் திறந்துவிடுங்கள். பௌதிகவியல் ஆசிரியை ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். "உருளைகளைக் கூட்டாமல் இந்தப் படகின் தூரத்தைக் கூட்டுங்கள்" என்று ஒரு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். மாணவியர் தங்கள் அளவீடுகளை ஒரு கொப்பியில் எழுதட்டும். தவணைக்கு ஒரு முறை உண்மையான எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் பூட்டிக் காட்ட ஒரு மெக்கானிக்கை அழைக்கலாம்.

பெற்றோரிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. உங்கள் மகள் திரையில் ஓர் எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்தால், "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்க வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து, "இது ஏன் சூடாகிறது மகள்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு, எந்தப் பாடத்துறை அவளுக்குப் பொருந்தும் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுக்கலாம்.