கடைசியாக வந்தவர் முதலாவதாக வந்த கதை



முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்வும் இழந்த பெண்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வருபவர்களின் வாயில் முதலில் வருவது "ஐயோ பாவம்" என்ற சொல்தான். அதைக் கேட்டுக் கேட்டே, தாம் இனி ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட காயத்துடன் 13 வயதில் சக்கர நாற்காலிக்கு வந்து, பின்னர் அதே சக்கரங்களில் உலகை வென்ற ஒரு பெண்ணைப் பற்றி இம்முறை பார்ப்போம். அவர் பெயர் சாந்தால் பெற்றிக்கிளேர்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், பிரெஞ்சு மொழி பேசும் ஒரு சிற்றூரில் 1969ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 13 வயதில் ஒருநாள் நண்பர் வீட்டுப் பண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தபோது, களஞ்சியத்தின் பாரமான கதவொன்று அவர்மீது விழுந்தது. முள்ளந்தண்டு முறிந்தது. அதன்பின் அவரால் நடக்க முடியவில்லை.

பாடசாலைக்குத் திரும்பியபோது மற்றப் பிள்ளைகளுடன் உடற்பயிற்சி வகுப்பில் சேர அவரால் இயலவில்லை. இப்படியான பிள்ளையை நிழலில் இருத்தி, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்க விடுவதே பல இடங்களிலும் வழக்கம். அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியர் கஸ்தோன் ஜாக் அப்படிச் செய்யவில்லை. மதிய இடைவேளைகளில் அவரை நீச்சல் தடாகத்துக்கு அழைத்துச்சென்று நீந்தப் பழக்கினார். தண்ணீர் உடலைத் தாங்கிக்கொள்ளும். கால் அசையாவிட்டாலும் கையாலும் தோளாலும் முன்னே போகலாம். பாடசாலைக் காலம் முழுவதும் தொடர்ந்த அந்தப் பயிற்சியில் அவரது தோள்களும் நெஞ்சும் உரம்பெற்றன.

இதை வெறும் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவும், மலசலகூடத்துக்குப் போய்வரவும், சரிவான பாதையில் தானாக ஏறவும் வேண்டியது இதே தோள் வலுத்தான். தன் அலுவலைத் தானே பார்க்க முடிகின்ற பெண்ணுக்கு அடுத்த அடியை எண்ணும் துணிவும் வருகிறது.

18 வயதில், லவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பயிற்றுநர் பியர் பொமெர்லோ அவருக்குச் சக்கர நாற்காலி ஓட்டத்தை அறிமுகப்படுத்தினார். வீட்டில் செய்த ஒரு நாற்காலியில்தான் சாந்தால் தனது முதற் போட்டிக்குப் போனார். மற்றவர்களுக்கு வெகுதூரம் பின்னால், கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். ஆனால் அந்த ஓட்டம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பின்னர் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டே, பீற்றர் எரிக்சன் என்ற பயிற்றுநரிடம் பயின்றார். படிப்பையும் விடவில்லை, ஓட்டத்தையும் விடவில்லை.

ஓட்டத்துக்குரிய நாற்காலி நாம் வீட்டில் பாவிக்கும் நாற்காலி போன்றதல்ல. பின்னால் இரண்டு பெரிய சில்லுகள், மேற்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். முன்னால் நீண்ட தண்டின் முனையில் ஒரு சிறிய சில்லு. ஓட்டுபவர் காலை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்தி, குனிந்த நிலையில் இருப்பார். கையில் தடித்த கையுறை அணிந்து, பெரிய சில்லோடு பொருத்திய வளையத்தை அடித்துத் தள்ளித் தள்ளியே வேகம் எடுக்க வேண்டும். காயத்தின் அளவுக்கேற்ப வீராங்கனைகளை வகுப்புகளாகப் பிரிப்பார்கள். உடலின் வலு ஏறக்குறைய ஒத்தவர்களே ஒன்றாக ஓடுவதால், வெற்றி பயிற்சிக்கும் உறுதிக்கும் உரியதாகிறது.

1992இல் பார்சிலோனாவில் நடைபெற்ற பராலிம்பிக் போட்டியில் சாந்தால் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். முதல் தங்கத்துக்கு இன்னும் 4 ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. 1996இல் அற்லான்ராவில் 2 தங்கம், 3 வெள்ளி. 2000இல் சிட்னியில் 2 தங்கம், 2 வெள்ளி. 2004இல் ஏதென்சில் 100, 200, 400, 800, 1500 மீற்றர் ஆகிய ஐந்து ஓட்டங்களிலும் தங்கம். 2008இல் பெய்ஜிங்கில் மறுபடியும் அதே ஐந்திலும் தங்கம். அப்போது அவருக்கு வயது 38. பராலிம்பிக்கில் அவர் பெற்றவை 14 தங்கம் உட்பட 21 பதக்கங்கள்.

பதக்கங்களோடு இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டின் சிறந்த மெய்வல்லுநர் விருதை, கனடாவின் மெய்வல்லுநர் சங்கம் சாந்தாலுக்கும் தடைதாண்டல் வீராங்கனை பெர்டிற்றா பெலிசியனுக்கும் கூட்டாக அறிவித்தது. பெலிசியன் திறமைசாலி, 2003இன் உலகச் சம்பியன். ஆனால் ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தில் அவர் முதல் தடையிலேயே தடுக்கி விழுந்திருந்தார். அதே ஆண்டில் ஐந்து தங்கம் வென்ற சாந்தால் அந்த விருதை ஏற்க மறுத்தார். சக வீராங்கனைமீது அவருக்குக் குறையில்லை. பராலிம்பிக் பதக்கத்தின் பெறுமதியைச் சரியாக எடைபோடவில்லை என்பதே அவரது நிலைப்பாடு.

இது பெருமைக்காகச் செய்த செயலல்ல என்றே கூறவேண்டும். மாற்று வலுவுள்ள பெண் எதைச் செய்தாலும், "இந்த நிலையிலும் செய்தாளே" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவது சுலபம். அவள் செய்த வேலையை மற்றவர்களின் வேலையை அளக்கும் அதே கோலால் அளப்பதுதான் மரியாதை. தைத்துக் கொடுக்கும் சட்டைக்கும், பின்னும் பாய்க்கும் இது பொருந்தும். இரக்கப்பட்டுக் கொடுக்கும் காசுக்குப் பதிலாக, நியாயமான கூலியைக் கேட்க எவருக்கும் உரிமையுண்டு.

சாந்தாலுக்கு அந்த மரியாதை மெல்ல மெல்ல வந்தது. 2002இல் மான்செஸ்ரரில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் அவர் 800 மீற்றரில் வென்ற தங்கம், ஏனைய வீரர்களின் பதக்கங்களோடு சேர்த்தே எண்ணப்பட்டது. 2006இல் மெல்பேர்ன் பொதுநலவாய விளையாட்டின் தொடக்க விழாவில் கனடாவின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. 2016இல் அந்நாட்டின் செனற் சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

எல்லோரும் ஓட்ட வீராங்கனை ஆக வேண்டும் என்பதில்லை. எனினும் உடலை வலுப்படுத்துவது எல்லோருக்கும் தேவை. முள்ளந்தண்டில் காயப்பட்ட சகோதரிகள் மனதிற்கொள்ள வேண்டியவை சில:

பயிற்சி தொடங்குமுன் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேளுங்கள். தோளில் நோவு வந்தால் பொறுத்துக்கொண்டு தொடராதீர்கள். இப்போது தோள்தான் உங்களுக்குக் காலும்.

ஒரே இருப்பில் நெடுநேரம் இருக்க வேண்டாம். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடலை உயர்த்துங்கள், அல்லது பக்கவாட்டில் சாய்ந்து பாரத்தை மாற்றுங்கள். தினமும் இரவில் கண்ணாடி பிடித்தோ, நம்பிக்கையான ஒருவரைக் கொண்டோ இடுப்பின் பின்புறத்தையும் குதிக்காலையும் பாருங்கள். சிவந்த இடம் மறையாவிட்டால் அந்தப் பக்கம் பாரம் கொடுக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். படுக்கைப்புண் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உணர்வில்லாத மடியில் சுடு பானையையோ தேநீர்க் கேத்தலையோ வைத்துக்கொண்டு நகராதீர்கள். சுட்டாலும் தெரியாது.

மலசலகூடம் போவது சிரமம் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கலங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நில்லாமல் வைத்தியரைக் காணுங்கள்.

இறுதியாக, காயப்பட்ட பெண் இருக்கும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. சாந்தாலின் வழியை முதலில் திறந்துவிட்டவர், தன் மதிய இடைவேளையைக் கொடுத்த ஓர் ஆசிரியர். உங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு சாய்தளம் போடுவதும், அடுப்பைக் கைக்கெட்டும் உயரத்தில் அமைப்பதும், சங்கக் கூட்டத்துக்கு அவளையும் கூட்டிச் செல்வதும் அதைப் போன்ற உதவிகளே. அவளால் என்ன செய்ய முடியும் என்பதை அவளிடமே கேளுங்கள். செய்து பார்க்க இடம் கொடுங்கள். முதல்முறை கடைசியாக வந்தாலும் பரவாயில்லை.