பொருள் உணர்ந்து கேட்போம், கூடிக் கேட்போம்



திருவிழாக் காலம் வந்துவிட்டால் நம் ஆலயங்களில் ஒலிக்குக் குறைவில்லை. நாதஸ்வரமும் தவிலும் முழங்குகின்றன. உறுமி மேளம் அதிர்கின்றது. ஒலிபெருக்கியில் பக்திப் பாடல்கள் விடியற்காலை முதலே ஒலிக்கின்றன. ஆயினும், இறைவன் புகழ் கூறும் நூல் ஒன்றைக் கூடியமர்ந்து கேட்டு, அதன் பொருளை அறிந்து மகிழ்வதற்கு நாம் எவ்வளவு நேரம் ஒதுக்குகின்றோம்? இதனைச் சிந்திக்குமாறு ஆலய அன்பர்களையும் உபயகாரர்களையும் பணிவுடன் வேண்டுகின்றேன்.

லங்காட் ஆறும் மலாக்கா நீரிணையும் சூழ்ந்த எங்கள் கேரி தீவு, கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கியது. முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் இங்கே செழித்தன. அவற்றை வளர்த்த குடும்பங்களில் பல இன்று பந்திங், கிள்ளான், ஷா ஆலம் என்று பிரிந்து வாழ்கின்றன. திருவிழா நாளில்தான் பழைய முகங்கள் ஒன்று கூடுகின்றன. அன்றும் அர்ச்சனைச் சீட்டு, பிரசாதம், அன்னதானம் என்று இரண்டு மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடுகின்றது. உறவு முறையைக் கேட்டறிவதற்கே நேரமில்லாதபோது, சமய அறிவைப் பெறுவது எங்ஙனம்?

கூடிக் கேட்பது நமக்குப் புதிய வழக்கமன்று. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, ஆலய மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென மானியம் அளித்ததைக் கூறுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவதற்கு 48 பேரையும், அவர்களுக்குத் துணையாக இசைக்கருவி வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் நியமித்ததாகக் கல்வெட்டு உரைக்கின்றது. கல்லால் கோபுரம் எழுப்பிய மன்னர்கள், சொல்லுக்கும் நிவந்தம் வைத்தார்கள்.

யாழ்ப்பாணத்துச் சைவ மக்கள் இவ்வழக்கத்தை மேலும் செம்மைப்படுத்தினார்கள். அங்குள்ள ஆலயங்களில் கந்தபுராணம் படிக்கும்போது, ஒருவர் செய்யுளை இராகத்துடன் வாசிப்பார். மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைப்பார். இதற்குப் "பயன் சொல்லுதல்" என்று பெயர். பள்ளிக்கூடம் செல்லாத உழவரும் தாய்மாரும் இவ்வாறு கேட்டே புராணத்தை நெஞ்சில் நிறுத்தினார்கள். ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சமயப் பிரசங்கத்தைத் தொடங்கி, வெள்ளிக்கிழமை தோறும் அப்பணியைத் தொடர்ந்தார். அந்த மண்ணிலிருந்து வந்த சைவர்கள் அமைத்ததே நம் பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில் என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

பொருள் விளங்கும்போது பிறக்கும் இன்பம் தனி இன்பம். திருநாவுக்கரசர் தலந்தோறும் சென்று, கையில் உழவாரப்படை ஏந்தி, கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார் என்பதைத் தோட்டத்து மக்கள் கூடியுள்ள சபையில் சொல்லிப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் வெயிலில் புல் வெட்டிய கைகள் அங்கே இருக்கின்றன. "நாம் செய்த வேலையைத்தானே அப்பரடிகளும் செய்தார்!" என்று ஒரு மூதாட்டியின் முகம் மலருமானால், அதற்கு எந்த மின்விளக்கு அலங்காரம் ஈடாகும்? அந்த மலர்ச்சியைப் பக்கத்தில் அமர்ந்த பேரப்பிள்ளை காண்பது மற்றொரு பேறு. பாட்டியின் உழைப்பும் அப்பரின் தொண்டும் அந்தப் பிள்ளையின் மனத்தில் ஒன்றாய்ப் பதியும்.

"கைத்தொலைபேசியிலேயே நூற்றுக்கணக்கான சொற்பொழிவுகள் கிடைக்கின்றனவே" என்று சிலர் கேட்கலாம். கிடைக்கின்றன, நல்லதே. ஆனால் கைத்தொலைபேசி நம் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, புரிந்ததா என்று கேட்பதில்லை. 1993ஆம் ஆண்டு மறைந்த திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள், முன்வரிசையில் அமர்ந்த சிறுவர்களிடம் கேள்வி கேட்டு, விடை கூறியவர்களுக்குச் சிறு நூல்களைப் பரிசளிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். கேட்பவரும் பேசுவது நேரில் கூடும் சபையில்தான் எளிதாக நிகழும்.

"பிள்ளைகளுக்குச் செந்தமிழ் விளங்குவதில்லை" என்பது மற்றொரு குறை. இது மெய்யே. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்று, இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் தமிழை விட்டுவிடும் பிள்ளைகள் பலர். தமிழ்ப்பள்ளிக்கே செல்லாதோரும் உளர். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவில் நம் பிள்ளைகள் இனிய குரலில் பாடும்போது உள்ளம் பூரிக்கின்றது. அப்பாடலின் பொருளையும் அவர்கள் தம் சொந்தச் சொற்களில் கூறுவார்களாயின் அப்பூரிப்பு இருமடங்காகும். மணிவாசகப் பெருமானும் சிவபுராணத்தின் நிறைவில், பொருள் உணர்ந்து ஓதுவோரைத்தானே சிறப்பித்துக் கூறுகின்றார்? விளங்கவில்லை என்பது விலக்கி வைப்பதற்குக் காரணம் ஆகாது. விளக்கிச் சொல்வதற்கே காரணமாகும்.

ஆகவே ஆலய நிர்வாகத்தினருக்கும் உபயகாரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் உபய நாளிலும், பூசைக்கும் அன்னதானத்திற்கும் இடையே அரைமணி நேரத்தை ஒதுக்குங்கள். ஒலிபெருக்கிப் பாடல்களை நிறுத்திவிடுங்கள். ஒரே ஒரு பதிகப் பாடல் அல்லது ஒரு நாயன்மார் வரலாறு போதும். இளைஞர் ஒருவர் வாசிக்கட்டும். பெரியவர் ஒருவர் எளிய தமிழில் பயன் சொல்லட்டும். இறுதிப் பத்து நிமிடம் கேள்விக்கு உரியதாகட்டும். பாடலையும் பொருளையும் ஒரு தாளில் அச்சிட்டு வழங்கலாம். தமிழ் எழுத்து அறியாத பிள்ளைகளுக்கு ரூமியிலும் தரலாம். இதற்கு ஆகும் செலவு ஓர் உபயத்தின் மாலைச் செலவைக்கூட எட்டாது. பெரும் பேச்சாளர் வரவேண்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. நம்மிடையே ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கின்றார்கள்; கதை சொல்லத் தெரிந்த தாய்மார்களும் இருக்கின்றார்கள்.

பந்தல் விழா முடிந்ததும் பிரிக்கப்படும். மாலை மறுநாளே வாடும். செவி வழிச் சென்று பொருள் விளங்கிய ஒரு பாடலோ பேரப்பிள்ளையோடு கிள்ளானுக்கும் செல்லும், கடல் கடந்தும் செல்லும். திருவள்ளுவர் 'கேள்வி' என்று தனி அதிகாரமே வகுத்தார். அச்செல்வத்தை நம் ஆலயங்கள் அன்னதானத்தைப் போலவே வரிசை வைத்து வழங்கட்டும். அனைவருக்கும் அம்பாள் திருவருள் துணை நிற்பதாக!